சேர்ப்பது பாதி, தக்கவைப்பது மீதி

அமெரிக்க யூதச் சமூகத்தின் கல்விக் கணக்கில் இரண்டு எண்கள் எதிரெதிர்த் திசையில் நகர்கின்றன. 1998-99 கல்வியாண்டில் அந்நாட்டின் முழுநாள் யூதப் பள்ளிகளில் ஏறத்தாழ 185,000 மாணவர்கள் படித்தனர். 2018-19இல் அந்த எண்ணிக்கை 292,000ஐத் தாண்டியது. இருபது ஆண்டுகளில் 100,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் கூடியிருக்கிறார்கள்.

அதே சமூகம் மாலை நேரத்திலும் வார இறுதியிலும் நடத்தும் பகுதிநேர வகுப்புகளின் நிலை வேறு. 2006-07இல் அவற்றில் ஏறத்தாழ 230,000 பிள்ளைகள் இருந்தனர். 2023இல் வெளிவந்த கணக்கெடுப்பு அந்த எண்ணிக்கையை 135,000 அளவில் காட்டியது. பத்துப் பேரில் நால்வருக்கும் மேல் குறைந்துவிட்டனர்.

ஒரு பக்கம் ஏற்றம், மறுபக்கம் இறக்கம். பெரும்பான்மை மொழியும் பெரும்பான்மைப் பண்பாடும் நாலாபக்கமும் சூழ்ந்திருக்கும் நாட்டில், தன் மொழியையும் மரபையும் பிள்ளைகளிடம் ஒப்படைக்க முயலும் எந்தச் சிறு சமூகமும் இந்த இரண்டு எண்களையும் நின்று கவனிக்க வேண்டும். எண்கள் கூடியதற்கும் குறைந்ததற்கும் காரணங்கள் உண்டு. அவற்றை அறிந்தால் வீண் பெருமையும் வராது, வீண் கவலையும் வராது.

முழுநாள் பள்ளி என்பது என்ன?

முழுநாள் யூதப் பள்ளி என்பது கணிதம், அறிவியல், ஆங்கிலம், வரலாறு ஆகிய பொதுப் பாடங்களோடு ஹீப்ரு மொழி, தோரா, யூத வரலாறு, சமய நெறி ஆகியவற்றையும் ஒரே கூரையின்கீழ் கற்பிக்கும் தனியார் பள்ளி. காலையில் ஒன்று, பிற்பகலில் மற்றொன்று என்று பிரித்து நடத்தும் பள்ளிகள் உண்டு. இரண்டையும் கலந்து நடத்தும் பள்ளிகளும் உண்டு. எப்படி நடத்தினாலும் மாணவரின் பள்ளி நாள் நீளமாகத்தான் இருக்கும்.

இத்தகைய பள்ளிகளை அமெரிக்க யூதர்கள் தொடக்கத்திலேயே விரும்பி ஏற்றுக்கொள்ளவில்லை. நியூயார்க்கில் ஏட்ஸ் ஹைம் என்ற பள்ளி 1886இல் தொடங்கப்பட்டது. ஆனால், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த பெரும்பாலான குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை அரசாங்கப் பள்ளிகளுக்கே அனுப்பின. ஆங்கிலம் பேசி, அமெரிக்கராகி, நல்ல வேலைக்குப் போவதற்கு அதுவே வழி என்று நம்பின. சமயக் கல்விக்கு மாலை வகுப்பு போதும் என்றும் கருதின.

இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவின் யூதக் கல்விக்கூடங்கள் அழிக்கப்பட்டபோது அந்த எண்ணம் மாறத் தொடங்கியது. 1944இல் தோரா உமெசோரா என்ற அமைப்பு உருவானது. அமெரிக்காவின் நகரங்கள்தோறும் முழுநாள் பள்ளிகளை எழுப்புவதே அதன் நோக்கம். 1950களில் கன்சர்வேட்டிவ் பிரிவினர் சாலமன் ஷெக்டர் பள்ளிகளைத் தொடங்கினர். அரசாங்கப் பள்ளிகளையே நெடுங்காலம் ஆதரித்த ரிஃபார்ம் பிரிவினர்கூட 1970இல் முதல் முழுநாள் பள்ளியைத் திறந்தனர்.

அடுத்த திருப்பம் 1990இல் வந்தது. அவ்வாண்டு நடந்த தேசிய யூத மக்கள்தொகை ஆய்வு, 1985க்குப் பிறகு மணமுடித்த யூதர்களில் 52 விழுக்காட்டினர் வேற்றுச் சமயத்தவரை மணந்ததாகச் சொன்னது. கணக்கிட்ட முறை சரிதானா என்று பின்னர் ஆய்வாளர்கள் வாதிட்டனர். ஆனால் அதற்குள் அந்த எண் சமூகத்தை உலுக்கிவிட்டது. 'நம் பேரப்பிள்ளைகள் யூதர்களாக இருப்பார்களா?' என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழுந்தது. செல்வந்தர்களும் அறக்கட்டளைகளும் பள்ளிகள் பக்கம் திரும்பினர். 1984இல் நிறுவப்பட்ட அவி ஹாய் அறக்கட்டளை முழுநாள் பள்ளிகளுக்குப் பெரும் பொருளுதவி செய்ததுடன், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாணவர் எண்ணிக்கையைக் கணக்கெடுக்கவும் ஏற்பாடு செய்தது. இந்தக் கட்டுரையின் முதல் பத்தியில் உள்ள எண்கள் அந்தக் கணக்கெடுப்புகளில் கிடைத்தவையே.

பள்ளியை வளர்க்க நினைத்தவர்கள் முதலில் தலைகளை எண்ணினார்கள் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. எத்தனை பேர் படிக்கிறார்கள், எந்த ஊரில், எந்தப் பிரிவில், எந்த வகுப்பில் குறைகிறார்கள் என்று தெரியாமல் எந்தத் திட்டமும் உருப்படாது.

கூட்டுத்தொகைக்குள் ஒளிந்திருப்பவை

எண்ணியபோதுதான் ஓர் உண்மை வெளிப்பட்டது. வளர்ச்சி எல்லாப் பள்ளிகளிலும் ஒரே சீராக இல்லை.

2013-14 கணக்கெடுப்பில் 861 பள்ளிகளில் ஏறத்தாழ 255,000 மாணவர்கள் இருந்தனர். அவர்களில் ஐந்தில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் ஹசிடிக் பிரிவையும் 'யெஷிவா உலகம்' எனப்படும் கட்டுப்பாடு மிகுந்த பிரிவையும் சேர்ந்த பள்ளிகளில் படித்தனர். அக்குடும்பங்களில் பிள்ளைகள் அதிகம். தங்கள் பள்ளியைத் தவிர வேறு பள்ளி அவர்களின் நினைவிலேயே இல்லை. ஆகவே அங்கு ஏற்பட்ட வளர்ச்சி பெரும்பாலும் தொட்டிலில் தொடங்கிய வளர்ச்சி. விளம்பரமோ பரப்புரையோ அதற்குக் காரணமில்லை.

தேர்ந்தெடுக்கும் வாய்ப்புள்ள பெற்றோர் என்ன செய்தனர் என்பதைச் சாலமன் ஷெக்டர் பள்ளிகளின் நிலை காட்டும். 1998-99இல் அத்தகைய பள்ளிகள் 63 இருந்தன. பதினைந்து ஆண்டுகளில் அவை 39ஆகக் குறைந்தன. மாணவர் எண்ணிக்கை 17,500க்கு மேலிருந்து 10,000க்கும் கீழே இறங்கியது. சில பள்ளிகள் மூடப்பட்டன. சில, எல்லாப் பிரிவினருக்கும் பொதுவான சமூகப் பள்ளிகளாக மாறின. 2008இல் வந்த பொருளியல் நெருக்கடி சரிவை விரைவுபடுத்தியது.

பகுதிநேர வகுப்புகளில் பிள்ளைகள் குறைந்ததற்கும் இதே பெற்றோரின் மாற்றம்தான் பெரும் காரணம். அங்கிருந்து கிளம்பியவர்கள் கூட்டமாக முழுநாள் பள்ளிக்கு மாறிவிட்டார்கள் என்று எண்ணினால் தவறு. பெரும்பாலோர் இரண்டு பக்கமும் இல்லாமல் விலகிப்போனார்கள். 2020இல் பியூ ஆய்வு மையம் நடத்திய ஆய்வின்படி, அமெரிக்காவில் ஏறத்தாழ 7.5 மில்லியன் யூதர்கள் வாழ்கின்றனர். அவர்களில் 2010க்குப் பிறகு மணமுடித்தவர்களில் 61 விழுக்காட்டினர் வேற்றுச் சமயத்தவரை மணந்திருக்கின்றனர். இரு மரபுகள் கலந்த வீட்டில் வளரும் பிள்ளைக்கு எந்த வகுப்பு என்பது முன்பைப்போல எளிதில் விடைகிடைக்கும் கேள்வி அன்று.

எண்ணிக்கை மட்டுமே வெற்றி ஆகாது என்பதற்கும் அங்கே சான்று உண்டு. நியூயார்க்கின் ஹசிடிக் ஆண்கள் பள்ளிகள் பலவற்றில் ஆங்கிலமும் கணிதமும் போதிய அளவில் கற்பிக்கப்படுவதில்லை என்ற குற்றச்சாட்டு நெடுநாளாக இருந்துவருகிறது. அங்கு படித்த முன்னாள் மாணவர்களே அதை எழுப்பினர். 2022 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இதுகுறித்து விரிவான புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. அதே மாதத்தில் மாநிலக் கல்வி வாரியம், தனியார் பள்ளிகளின் பொதுக்கல்வி அரசாங்கப் பள்ளிகளுக்கு ஈடாக இருக்க வேண்டும் என்பதை உறுதிசெய்யும் விதிமுறைகளை ஏற்றது. மாணவர்கள் நிறைந்து வழியும் பள்ளியும் தன் மாணவருக்குக் கடன்பட்டிருக்கலாம்.

ஆகவே, நாம் பாடம் கற்க வேண்டியது தொட்டில் நிரப்பிய பள்ளிகளிடமிருந்து அல்ல. வேறு பள்ளிக்குப் போகும் வசதியும் விருப்பமும் உள்ள பெற்றோரை ஈர்த்து, அவர்களின் பிள்ளைகளைக் கடைசி வகுப்புவரை வைத்திருக்கப் போராடும் பள்ளிகளிடமிருந்துதான்.

கட்டணம் என்னும் மதில்

அப்பள்ளிகளின் முதல் தடை கட்டணம். அமெரிக்காவில் அரசாங்கப் பள்ளியில் கல்வி இலவசம். முழுநாள் யூதப் பள்ளிகள் பலவற்றிலோ ஆண்டுக் கட்டணம் 20,000 அமெரிக்க டாலருக்கு மேல். நியூயார்க் நகரின் சில உயர்நிலைப் பள்ளிகளில் அது 40,000 டாலரையும் தாண்டும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் பெற்றோர் இருவரும் நல்ல வேலையில் இருந்தாலும் மூச்சு முட்டும்.

வசதி படைத்தவர் கட்டிவிடுகிறார். வருமானம் மிகக் குறைந்தவருக்கு உதவித்தொகை கிடைக்கிறது. நடுவில் இருப்பவர்தான் தவிக்கிறார். உதவித்தொகை கேட்டு வருமானச் சான்றுகளைப் பள்ளிக் குழுவின் முன் பரப்பி வைக்க அவருக்கு மனம் வருவதில்லை. கேட்காமலேயே பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுகிறார். பள்ளியின் பதிவேட்டில் 'விலகினார்' என்று மட்டுமே இருக்கும். காரணம் எழுதப்பட்டிருக்காது.

அரசாங்கம் கைகொடுக்கும் இடங்களில் நிலைமை எப்படி இருக்கிறது என்பதற்கு இங்கிலாந்து ஓர் எடுத்துக்காட்டு. அங்கு யூதப் பள்ளிகள் பலவும் அரசாங்க நிதியில் நடக்கின்றன. லண்டனின் ஜேஎஃப்எஸ் பள்ளியின் வேர் 1732ஆம் ஆண்டுவரை செல்கிறது. பாடக் கட்டணம் என்ற மதில் இல்லாததால், அந்நாட்டு யூதப் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் யூதப் பள்ளிகளிலேயே படிக்கின்றனர். கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் இதற்கு நேர்மாறு. கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு நிதி தரும் மாநில அரசாங்கம் யூதப் பள்ளிகளுக்குத் தருவதில்லை. அப்படித் தர வேண்டிய கட்டாயம் இல்லை என்று கனடிய உச்ச நீதிமன்றமும் 1996இல் தீர்ப்பளித்தது.

அந்த ஒன்டாரியோவில்தான் ஒரு துணிச்சலான முயற்சி நடந்தது. டொரான்டோவின் டானன்பாம் சமூக ஹீப்ரு உயர்நிலைப் பள்ளியில் மாணவர் எண்ணிக்கை சரிந்துகொண்டே வந்தது. கட்டணம் 27,000 கனடிய டாலரைத் தாண்டியிருந்தது. வழக்கமாகப் பள்ளிகள் என்ன செய்யும்? மாணவர் குறைந்தால் வருமானம் குறையும். பற்றாக்குறையை ஈடுகட்டக் கட்டணத்தை உயர்த்தும். உயர்த்தியதும் இன்னும் சிலர் விலகுவர். இந்தச் சுழலில் சிக்கிய பள்ளி மீள்வது கடினம்.

2017இல் அப்பள்ளி எதிர்த்திசையில் அடியெடுத்து வைத்தது. ஏறத்தாழ 14 மில்லியன் டாலர் நன்கொடை திரட்டி, கட்டணத்தை 18,500 டாலராகக் குறைத்தது. இரண்டு வளாகங்களை ஒன்றாக்கிச் செலவையும் சுருக்கியது. வடக்கு வளாகத்துக்கு அருகில் வசித்த குடும்பங்களுக்கு அது வருத்தம் தந்த முடிவுதான். ஆனால் அடுத்து வந்த ஆண்டுகளில் ஒன்பதாம் வகுப்பில் சேர்வோர் கூடினர். சரிவு நின்று ஏற்றம் தொடங்கியது.

வேறு சில பள்ளிகள் கட்டணத்தைக் குடும்ப வருமானத்தின் குறிப்பிட்ட விகிதத்துக்கு மேல் போகாதபடி வரம்பு கட்டியிருக்கின்றன. இதனால் 'உதவி பெறும் குடும்பம்', 'உதவி பெறாத குடும்பம்' என்ற பிரிவினை மறைகிறது. ஒவ்வொரு வீடும் தன்னால் இயன்றதைக் கட்டுகிறது. காசு மிச்சமாவது ஒருபுறம், தலைநிமிர்ந்து கேட்க முடிகிறது என்பது மறுபுறம். பெற்றோருக்கு இரண்டாவதும் முதலாவதைப் போலவே முக்கியம்.

ஓட்டைக் குடம்

கட்டணத்தைக் குறைத்து, விளம்பரம் செய்து, பாலர் வகுப்பை நிரப்பிவிடலாம். நிரப்பிய பிள்ளைகள் எட்டாம் வகுப்புவரை இருப்பார்களா?

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். பாலர் வகுப்பில் 100 பேர் சேர்கிறார்கள். ஆண்டுதோறும் 90 விழுக்காட்டினர் தொடர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு நல்ல எண்ணாகத்தான் தெரிகிறது. ஆனால் எட்டு ஆண்டுகள் கழித்து எட்டாம் வகுப்பில் எஞ்சியிருப்பவர்கள் 43 பேர். அதையே 95 விழுக்காடாக உயர்த்தினால் 66 பேர் இருப்பார்கள். புதிதாக ஒருவரைக்கூடச் சேர்க்காமல் 23 பிள்ளைகள் கூடுதலாகக் கிடைக்கிறார்கள். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு நீர் இறைத்து ஊற்றினாலும் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஓட்டையை அடைத்தால் இறைக்க வேண்டிய நீரும் குறையும்.

ஓட்டைகள் எங்கே இருக்கின்றன என்பதும் பெரும்பாலும் தெரிந்ததுதான். பாலர் வகுப்பு முடிந்து தொடக்கநிலைக்குச் செல்லும்போது ஒன்று. ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு ஒன்று. எட்டாம் வகுப்பு முடிந்து உயர்நிலைக்குப் போகும்போது மிகப் பெரியது. ஆர்த்தடாக்ஸ் அல்லாத குடும்பங்களின் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு யூதப் பள்ளியை விட்டுச் செல்வது வழக்கமாகவே ஆகிவிட்டது.

ஏன் செல்கிறார்கள்? அமெரிக்காவின் முழுநாள் யூதப் பள்ளிகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பள்ளிகள் 100 மாணவருக்கும் குறைவானவை. ஒரு வகுப்பில் எட்டுப் பேர், பத்துப் பேர். தொடக்கநிலையில் அது பெரும் வரம். ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் அறிவார். பதின்ம வயதில் அதுவே குறையாகத் தெரிகிறது. ஒரு நண்பனோடு மனத்தாங்கல் வந்தால் மாற்று நண்பன் இல்லை. காற்பந்துக் குழு அமைக்க ஆள் போதாது. இசைக்குழு, அறிவியல் ஆய்வுக்கூடம், உயர்நிலைப் பாடங்களில் பல தெரிவுகள் ஆகியவற்றைப் பக்கத்திலுள்ள பெரிய பள்ளி இலவசமாகத் தருகிறது. கற்றலில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைக்கு அரசாங்கப் பள்ளியில் சட்டப்படி கிடைக்கும் சேவை சிறிய தனியார் பள்ளியில் கிடைப்பதில்லை.

இந்தக் காரணங்களில் எதுவும் 'மொழியும் மரபும் வேண்டாம்' என்பதல்ல. ஆகவே 'மரபைக் காப்போம்' என்ற முழக்கம் இவற்றுக்கு மருந்தாகாது. ஒரு தாய் தன் மகனின் கணிதப் பாடத்தைப் பற்றிக் கவலைப்படும்போது அவரிடம் மூதாதையரின் பெருமையைப் பேசுவது கேட்ட கேள்விக்குப் பதிலாகாது. நல்ல கணித ஆசிரியர்தான் பதில்.

இதை உணர்ந்த பள்ளிகள் செய்யும் வேலைகள் எளியவை, ஆனால் விடாமுயற்சி தேவைப்படுபவை. மறுசேர்க்கைப் படிவம் அனுப்பும் காலம்வரை காத்திராமல், கல்வியாண்டின் தொடக்கத்திலேயே ஒவ்வொரு குடும்பத்தோடும் பேசுகின்றன. ஏழாம் வகுப்பு மாணவரை உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு நாள் அழைத்துச் சென்று மூத்த மாணவர்களோடு இருக்கவிடுகின்றன. புதிதாக வந்த குடும்பத்துக்கு ஏற்கெனவே உள்ள ஒரு குடும்பத்தைத் துணையாக அமர்த்துகின்றன. விலகிச் செல்லும் குடும்பத்தைக் குறைகூறாமல், 'என்ன குறை கண்டீர்கள்?' என்று கேட்டு எழுதிவைக்கின்றன. கேட்பதற்குத் துணிவு வேண்டும். கேட்ட பதிலின்படி மாற்றிக்கொள்ள அதைவிடத் துணிவு வேண்டும்.

சிறிய பள்ளிகள் தனித்தனியே திணறாமல் கைகோத்துக்கொண்டதும் இதில் ஒரு பகுதி. பல்வேறு பிரிவுகளைச் சேர்ந்த பள்ளிகளுக்கு உதவிவந்த ஐந்து அமைப்புகள் 2016இல் ஒன்றிணைந்து பிரிஸ்மா என்ற ஒரே அமைப்பாயின. சமயக் கொள்கையில் அவர்களுக்குள் வேறுபாடு தீர்ந்துவிடவில்லை. மாணவரைத் தக்கவைப்பதில் எல்லாருக்கும் ஒரே சிக்கல் என்பதை ஒப்புக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அச்சம் கொண்டுவந்த மாணவர்கள்

கடந்த சில ஆண்டுகளில் இப்பள்ளிகளின் கதவை இரண்டு நிகழ்வுகள் தட்டின. 2020இல் கொவிட்-19 பரவியபோது அமெரிக்காவின் பெரிய அரசாங்கப் பள்ளிகள் பலவும் மாதக்கணக்கில் இணையவழி வகுப்புகளையே நடத்தின. சிறிய யூதப் பள்ளிகள் பல, இடைவெளி விட்டும் திறந்தவெளியில் கூடாரம் அமைத்தும் வகுப்புகளை நேரடியாகத் தொடங்கிவிட்டன. அதுவரை யூதப் பள்ளியை எண்ணிப் பாராத பெற்றோரும் பிள்ளைகளை அழைத்து வந்தனர். பிறகு 2023 அக்டோபர் 7 தாக்குதலும் அதைத் தொடர்ந்த காஸா போரும் வந்தன. உலகின் பல நாடுகளில் சமூகங்களுக்கிடையே பதற்றம் கூடியது. அரசாங்கப் பள்ளிகளில் தங்கள் பிள்ளைகள் சீண்டப்படுவார்களோ என்று அஞ்சிய சில யூதக் குடும்பங்கள் யூதப் பள்ளிகளை நாடின.

இவ்வாறு வந்தவர்களை எண்ணி மகிழ்வது எளிது. ஆனால் நெருக்கடி கொண்டுவந்த மாணவரை நெருக்கடியே நிறுத்திவைக்காது. அச்சம் தணிந்ததும் பழைய கேள்விகள் திரும்பி வரும். கட்டணம் தாங்குமா? கணிதம் நன்றா? என் மகளுக்குத் தோழிகள் கிடைப்பார்களா? ஹீப்ரு எழுத்தே அறியாமல் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை தன்னை மட்டமாக நினைத்துக்கொள்ளாதபடி தனிக் கவனம் கொடுத்த பள்ளியில்தான் அந்தப் பிள்ளை ஆறாம் வகுப்புக்கும் இருப்பாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அச்சத்தின்மேல் கட்டப்படும் பள்ளி பிள்ளைகளுக்கு வெளியுலகை எதிரியாகக் காட்டிவிடும் ஆபத்து உண்டு. தன் வேரை அறிந்த பிள்ளை பிறரோடு அச்சமின்றிப் பழகவேண்டும். அதற்குத்தான் வேர். இந்த இரண்டையும் சேர்த்துத் தரமுடியாத பள்ளி மாணவரைத் தக்கவைத்தாலும் அவருக்கு முழுமையாக உதவியதாகாது.

பள்ளி இருக்கிறது, பிள்ளைகள் இல்லை

அமெரிக்காவிலிருந்து சற்று நம் பக்கம் வருவோம். கொல்கத்தாவில் பாக்தாதி யூதர்கள் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய யூதப் பெண்கள் பள்ளி இன்றும் நடக்கிறது. மும்பையில் பெனே இஸ்ரேல் யூதர்கள் 1875இல் தொடங்கிய பள்ளி சர் எலி கடூரி பள்ளி என்ற பெயரில் நடக்கிறது. இரண்டிலும் இப்போது பெரும்பான்மை மாணவர்கள் முஸ்லிம் பிள்ளைகள். யூதக் குடும்பங்கள் இஸ்ரேலுக்கும் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பெயர்ந்துவிட்டன. கொல்கத்தாவில் இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய யூதர்களே வாழ்கிறார்கள்.

ஒரு சமயத்தவர் கட்டிய பள்ளியில் இன்னொரு சமயத்தவரின் பிள்ளைகள் நல்ல கல்வி பெறுகிறார்கள் என்பது மனநிறைவு தரும் செய்தி. அதில் ஐயமே இல்லை. ஆனால் மொழியையும் மரபையும் கைமாற்றும் பணிக்காகப் பள்ளி கட்டும் சமூகத்துக்கு அதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கட்டடமும் பெயர்ப்பலகையும் நூறாண்டு நிற்கும். பெறுவதற்குப் பிள்ளைகள் இல்லாவிட்டால் அந்தப் பணி ஒரே தலைமுறையில் நின்றுவிடும்.

சிங்கப்பூர் யூதர்களில் பலரின் மூதாதையரும் அதே பாக்தாத்-கல்கத்தா வணிகப் பாதையில் வந்தவர்கள்தாம். வாட்டர்லூ ஸ்திரீட்டில் உள்ள மகாயின் அபோத் யூத ஆலயம் 1878இல் கட்டப்பட்டது. நம் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் அந்தச் சமூகத்தவர். எண்ணிக்கையில் மிகச் சிறிய அச்சமூகம் 1996இல் ஒரு பள்ளியைத் தொடங்கியது. சர் மனாசே மேயர் அனைத்துலகப் பள்ளி என்ற பெயரில் செம்பவாங் வட்டாரத்தில் இன்று இயங்கும் அப்பள்ளி, யூதரல்லாத பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறது. தன் அடையாளத்தையும் விடாமல், கதவையும் சாத்தாமல் நடத்துவது இயலும் என்பதற்கு அது நம் ஊரிலேயே உள்ள சான்று.

நமக்கு என்ன?

நம் நிலைமை அவர்களுடையது போன்றதல்ல. சிங்கப்பூரின் கடைசித் தமிழ்வழிப் பள்ளியான உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி, மாணவர் குறைந்து 1982இல் மூடப்பட்டது. ஆனால் தமிழ் பள்ளியை விட்டுப் போய்விடவில்லை. தாய்மொழிப் பாடமாக அரசாங்கமே அதைக் கற்பிக்கிறது. அமெரிக்க யூதப் பெற்றோர் பல்லாயிரம் டாலர் கொடுத்து வாங்கும் ஒன்றை நம் பிள்ளைகள் தேசியப் பள்ளியிலேயே பெறுகிறார்கள். கட்டணம் என்னும் மதில் நமக்கு இல்லை.

ஆனால் ஓட்டைகள் உண்டு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியர்களில் வீட்டில் ஆங்கிலத்தையே அதிகம் பேசுவோர் ஏறத்தாழ ஐந்தில் மூவர். தமிழை அதிகம் பேசுவோரின் விகிதம் பத்தாண்டுகளில் தெளிவாகக் குறைந்திருக்கிறது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடிந்ததும் தமிழ்க் கதைப்புத்தகம் மூடப்படுகிறது. உயர்நிலையில் தாய்மொழித் தேர்வு எழுதிய மறுநாள் பலருக்குத் தமிழ் முடிந்துவிடுகிறது. தொடக்கக் கல்லூரியிலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் தமிழ் மன்றங்களில் கூடும் இளையர்கள், தங்கள் உயர்நிலை வகுப்புத் தோழர்களில் ஒரு பகுதியினர் மட்டுமே. நாம் வகுப்பில் சேர்ப்பதில் வென்றிருக்கிறோம். அடுத்த கட்டத்துக்குக் கூட்டிச்செல்வதில் இன்னும் வெல்லவில்லை.

ஏப்ரலில் தமிழ்மொழி விழா வருகிறது. போட்டிகளும் மேடைகளும் நிறைகின்றன. எத்தனை பேர் வந்தார்கள் என்று ஏற்பாட்டாளர்கள் எண்ணுகிறார்கள். சென்ற ஆண்டு வந்தவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டும் வந்தார்கள் என்று எண்ணுவோர் குறைவு. யூதப் பள்ளிகளின் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது இந்த இரண்டாவது எண்தான்.

ஆகவே ஆசிரியர்களுக்கும் அமைப்புகளுக்கும் நம் வேண்டுகோள் இது: உங்கள் மன்றத்திலும் வகுப்பிலும் சென்ற ஆண்டு இருந்து இந்த ஆண்டு இல்லாதவர்களின் பட்டியலை எழுதுங்கள். ஒவ்வொருவரிடமும் காரணம் கேளுங்கள். நேரமில்லை என்று ஒருவர் சொல்வார். சலிப்பாக இருந்தது என்று இன்னொருவர் சொல்வார். என் தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள் என்று மூன்றாமவர் சொல்லக்கூடும். மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு மருந்துகள் தேவை.

பெற்றோருக்கு ஒன்று: தேர்வு மதிப்பெண்ணுக்காக மட்டும் தமிழைத் தாங்கிப் பிடித்தால், தேர்வு முடிந்ததும் பிள்ளை அதைக் கீழே வைத்துவிடுவது இயல்பு. தேர்வுக்கு அப்பாலும் தமிழுக்கு வீட்டில் ஒரு வேலை இருக்கட்டும். சாப்பாட்டு மேசைப் பேச்சாகவும் இருக்கலாம், பாட்டிக்கு அனுப்பும் குரல்பதிவாகவும் இருக்கலாம்.

இளையர்களே, உங்களுக்கு ஒன்று. எந்தப் பள்ளியிலும் எட்டாம் வகுப்பு மாணவனை ஒன்பதாம் வகுப்புக்கு இழுத்துச் செல்லும் வலிமை, தலைமையாசிரியரின் உரையைவிட ஒரு மூத்த மாணவனின் அழைப்புக்கு அதிகம். அடுத்த மன்றக் கூட்டத்துக்குச் செல்லும்போது, உங்களைவிட இரண்டு வயது இளையவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அதற்கடுத்த கூட்டத்துக்கும் அவர் வந்தாரா என்று பாருங்கள். வரவில்லை என்றால் ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.